கை நனைக்காத வீடு

"இல்லைன்னு மட்டும் சொல்லிடாதம்மா. அந்த வார்த்தை கெஸ்ட் காதுல விழுந்துட்டா அப்புறம் அவங்க இந்த மலைக்கே வரமாட்டாங்க. பாக்கலாம்னு சொல்லு" என்று ரேணுகா வேலைக்குச் சேர்ந்த அன்றே சில்வஸ்டர் சொல்லிக்கொடுத்தார்.

குன்னூரில் பெட்ஃபோர்டிலிருந்து மேலே ஏறும் சாலையில் இருந்தது அந்த ஹோட்டல். சில்வஸ்டர் அதன் மேனேஜர். ரேணுகா ரிசப்ஷனில் உட்காருகிறவள். சீசனில் அறை கேட்டு வந்து நிற்பவர்களை மனம் நோகாமல் திருப்பி அனுப்புவதுதான் அவள் வேலையில் பாதி. பாலக்காட்டுக்காரர்கள் வந்தால் பயணம் எப்படி இருந்தது, இ-பாஸ் கிடைக்கச் சிரமப்பட்டீர்களா என்று விசாரித்துவிட்டு ‘நோக்கட்டே’ என்பாள். அவர்களுக்குப் புரிந்துவிடும். மைசூர்க்காரர்களிடம் ‘நோடோணா’. வடக்கிலிருந்து வருகிறவர்களிடம் ‘தேக்தே ஹைன் ஜி’. கல்யாணத்துக்கு ஹால் கேட்டு வரும் படகர்களிடம் பேச, பிக்கட்டியிலிருந்து வரும் அக்கவுண்ட்ஸ் பெண்ணைக் கூப்பிடுவார்கள். அந்தப் பெண் எந்த ஊர், யார் வீடு என்று ஆரம்பித்து, இந்த வருடம் உருளைக்கிழங்கு விலையில் வந்து நிறுத்துவதற்குள் அவர்களே எழுந்துகொள்வார்கள்.

எல்லா மொழியிலும் மறுப்பது என்றால் பார்ப்பதாகச் சொல்வதுதான் என்று ரேணுகா நினைத்துக்கொள்வாள். யாரும் எதையும் பார்க்கப்போவதில்லை என்று சொல்கிறவளுக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். ஆங்கிலம் மட்டும் வேறு மாதிரி. அதில் ‘ஐயாம் அஃப்ரெய்ட்’ என்று தொடங்க வேண்டியிருந்தது.

"ரூம் இல்லாததுக்கு நான் எதுக்கு சார் பயப்படணும்?"

"இங்கிலீஷ்காரன் பழக்கம் அது. முதல்ல பயந்துக்குவான், அப்புறம் இல்லைம்பான். நம்மாளுங்க ரெண்டும் செய்ய மாட்டாங்க" என்றார் சில்வஸ்டர்.

ஊட்டி காந்தலில் அம்மா வீரம்மாவோடு இருந்தாள் ரேணுகா. முப்பத்து மூன்று வயது. அக்கா கோகிலவாணி ஓவேலியில் ஒரு எஸ்டேட் ஃபேக்டரியில் வேலை செய்யும் தினகரனுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். போன டிசம்பருக்கு முந்தைய டிசம்பரில் காய்ச்சல் என்று படுத்தாள்; கூடலூர் ஆஸ்பத்திரியிலிருந்து கோயம்புத்தூருக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. ஒரே மகள் அலீனா. பிரசவம் பார்த்த மலையாள நர்ஸின் பெயரைக் கோகிலா பிடிவாதமாகக் குழந்தைக்கு வைத்திருந்தாள். இப்போது ஒன்றாம் வகுப்பு.

வருடத் திதி முடிந்த மதியம் ஓவேலி வீட்டில் தினகரனின் சித்தப்பா ராசு பேச்சை எடுத்தார். "ஊர்ல இல்லாததா? அக்கா புள்ளைய தங்கச்சிகாரி பாத்துக்கறது ஒண்ணும் புதுசில்ல. பேருகூட மாத்த வேண்டாம். சித்தின்னு கூப்பிடற புள்ள சித்தின்னே கூப்பிட்டுட்டுப் போகுது."

எல்லோரும் ரேணுகாவைப் பார்த்தார்கள். அவள் வாயில் அந்தச் சொல் தயாராக இருந்தது.

"பாக்கலாம்" என்றாள்.

ஹோட்டலில் அது மறுப்பு. அந்தக் கூடத்தில் அது பாதிச் சம்மதமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. ராசு சித்தப்பா உடனே முறையைச் சொன்னார். "அப்ப சரி. முடிவு சொல்ற வரைக்கும் நாங்க உங்க வீட்டுல கை நனைக்கல, நீங்களும் இங்க நனைக்க வேண்டாம். நனைச்சா முடிஞ்சதுன்னு அர்த்தம்." அவர்கள் சனத்தில் அது வழக்கம்தான். பெண் பார்க்கப் போன வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடத் தொடாமல் எழுந்து வருவார்கள். ஒரு வாய் குடித்துவிட்டால் அதற்குப் பிறகு பேச்சு கிடையாது. சிலோன் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, சிறுமியாகக் கப்பலேறி வந்த வீரம்மாவுக்கு வேறு எந்த வழக்கம் போனாலும் இது போகாது. அன்று திதிச் சாப்பாட்டைச் சாப்பிடாமலே மகளைக் கிளப்பிக்கொண்டு பஸ் ஏறினாள்.

"தினகரன் தங்கமான ஆளு பிள்ளை. குடி இல்லை, சீட்டு இல்லை. உனக்கு என்ன கேடு?" என்று நடுவட்டம் வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தாள்.

அதுதான் ரேணுகாவுக்கும் தெரியவில்லை. மறுப்பதற்கு அவளிடம் காரணம் ஒன்றுகூட இல்லை. அறை காலியில்லை, தண்ணீர் மோட்டார் பழுது, முதலாளி ஊரில் இல்லை என்று ஹோட்டலில் சொல்ல எப்போதும் ஏதாவது இருக்கும். காரணமே இல்லாத ‘வேண்டாம்’ ஒன்று மனதுக்குள் கல் மாதிரிக் கிடந்தது. அதை வெளியே எடுத்து வைத்தால் தன்னை யாரென்று நினைப்பார்கள் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

*

ஜனவரியில் ஒரு ஞாயிறை சில்வஸ்டர் விட்டுக்கொடுத்தார். ரேணுகா கூடலூர் பஸ் பிடித்து, அங்கிருந்து ஜீப்பில் ஓவேலிக்குக் குழந்தையைப் பார்க்கப் போனாள். பையில் தண்ணீர் பாட்டில், பன் எல்லாம் கொண்டுபோயிருந்தாள். பகலிலேயே மூடுபனி இறங்கி, தேயிலைக்கு நடுவே போகும் பாதை இரண்டு செடிக்கு அப்பால் இல்லாமல் போயிருந்தது.

தினகரன் ஷிஃப்டுக்குப் போயிருந்தான். அலீனாவைப் பக்கத்து லைன் வீட்டு அன்னக்கிளி பார்த்துக்கொண்டிருந்தாள். ரேணுகா வந்ததும் அவள் தன் வீட்டுக்குப் போய்விட்டாள். குழந்தைக்குத் தலை பின்னிவிட்டு, ஹோம்வொர்க் எழுத வைத்து, நிமிர்ந்தபோது பக்கத்து ஸ்டூலில் ஒரு எவர்சில்வர் டம்ளர் இருந்தது. ஆவி பறந்தது. பால் விடாத தேநீர். பக்கத்தில் டப்பா மூடி ஒன்றைக் கவிழ்த்து அதன் மேல் ஒரு சின்னக் குவியல் சீனி.

ரேணுகா அந்தச் சீனியையே பார்த்தாள். அந்த வீட்டில் அப்படிக் குடித்தவள் ஒருத்திதான். தேநீரில் சீனி கலக்காமல், உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு, ஒரு மிடறு குடித்து ஒரு முறை நக்குவது. சிலோன் லயத்துப் பழக்கம், அம்மாவிடமிருந்து கோகிலாவுக்கு வந்தது. தினகரன் பால் இல்லாத டீயைத் தொட மாட்டான்.

அன்னக்கிளி கொண்டுவந்து வைத்திருப்பாள் என்று நினைத்து, சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தாள். "இப்பதாங்க குடிச்சேன். வேண்டாங்க."

டம்ளர் விளிம்பில் கரண்டியை இரண்டு முறை தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது, வேலை முடிந்து கரண்டியை வைக்கிறவர்கள் தட்டுவது போல.

கிளம்பும்போது அன்னக்கிளியிடம் கேட்டாள். "நானா? சாயா போடறதுக்கு எங்கூட்டுல பால் எங்க இருக்குது? காலையிலயே தீந்துபோச்சு" என்று சிரித்தாள் அன்னக்கிளி. "அதுவுமில்லாம உனக்குச் சாயா குடுத்தா ராசண்ணன் என்னத் தின்னுப்புடுவாரு. நீ ஊம்னு சொன்னப்புறம் பிரியாணியே போட்டுத் தாறேன்."

அலீனா பென்சிலைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "அது சாயா இல்ல. தேத்தண்ணி. அம்மா வச்சாங்க."

அந்தச் சிலோன் சொல்லைக் குழந்தைக்கு யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்று ரேணுகா ஜீப்பில் யோசித்துக்கொண்டே வந்தாள். கோகிலாதான், வேறு யார்? செத்துப்போவதற்கு முன்னால் சொல்லிக்கொடுத்திருப்பாள். அப்படித்தான் இருக்க வேண்டும்.

*

பிப்ரவரியில் போனபோது தினகரன் வீட்டில் இருந்தான். அதிகம் பேச மாட்டான். திண்டாடுகிறவன் போல வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தான். "பஸ்ல கூட்டமா ரேணு?" என்றான். "இல்லைங்கத்தான்" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

டம்ளர் அவள் உட்காருவதற்கு முன்பே ஸ்டூலில் இருந்தது. இந்த முறை அவள் டம்ளரைக் கையில் எடுத்துப் பார்த்தாள். வயிற்றில் ‘கோகிலவாணி’ என்று புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது.

"யார் அத்தான் போட்டது?"

அவன் டம்ளரைப் பார்த்தான். முகம் மாறவில்லை. மெதுவாகத்தான் சொன்னான். "அடுப்புப் பக்கம் யாரும் போகல. சில நாள் இப்படித்தான். நீ போடறேன்னு நான் நெனச்சேன். நீ வராத நாளு, புள்ள போடுதுன்னு நெனச்சேன்."

"குழந்தைக்கு அடுப்பு எட்டுமா?"

"எட்டாது" என்றான் அவன். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

ரேணுகாவுக்கு அந்த நேரத்தில் ஓடத் தோன்றவில்லை. அதுதான் அவளுக்குப் பிறகு நினைத்து நினைத்துப் பயமூட்டியது. ஜீப்பில் குலுங்கி வந்த பசி. குளிர். தேநீரின் வாசனை அக்காவின் புடவைத் தலைப்புக்குள் முகம் வைத்தது போல இருந்தது. ஒரு மிடறுதானே என்று கை போயிற்று. உதடு வரை கொண்டுபோய்விட்டு, வைத்துவிட்டாள். யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல், எப்போதும் வாயில் வருவதைச் சொன்னாள்.

"போகும்போது குடிச்சுக்கறேங்க்கா."

அக்கா என்று சொன்னதை அப்புறம்தான் அவள் காதே கேட்டது.

சாயங்கால ஜீப்புக்குப் படியிறங்கினாள். கடைசிப் படியின் ஓரச் சுவரில் டம்ளர் இருந்தது. மூடுபனிக்குள் அதன் ஆவி மட்டும் தனியாகத் தெரிந்தது. பக்கத்தில் சீனி, ஈரக் காற்றில் கொஞ்சமும் கரையாமல்.

போகும்போது என்றுதானே சொன்னாள்.

ஜீப்பில் ஆட்கள் காத்திருந்தார்கள். "வீட்டுக்குப் போய்க் குடிச்சுக்கறேன்" என்று முணுமுணுத்துவிட்டு ஓடி ஏறிக்கொண்டாள். ஜீப் திரும்பும்போதுதான் தான் சொன்னது என்ன என்று உறைத்தது.

*

மறுநாள் காலை காந்தல் வீட்டில் ஜன்னல் விளிம்பில் இருந்தது.

"என்ன பிள்ளை, தேத்தண்ணிய ஊத்தி வச்சிட்டு ஆற விடுறே?" என்றாள் வீரம்மா. அவளுக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை. கோகிலாவின் கல்யாணத்துக்குப் பெயர் வெட்டி வாங்கிய டம்ளர்களில் பாதி அவளோடு போயிற்று, மீதி இந்த வீட்டிலேயே தங்கிவிட்டது. ரேணுகா பல வருடமாகக் குடிப்பதே அக்கா பெயர் போட்ட டம்ளரில்தான்.

"நீ போட்டியாம்மா?"

"நான் இப்பதான எந்திரிக்கிறேன்."

சுவரில் சாய்ந்து நின்றபடி ரேணுகா சொன்னாள், அம்மாவுக்குச் சொல்வது போல. "நேரமாச்சு. வேலைக்குப் போய்க் குடிச்சுக்கறேன்."

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அது அவள் நினைத்துச் சொன்னதல்ல. காலையில் வீட்டை விட்டுக் கிளம்புகிற யாரும் சொல்வது. குன்னூர் பஸ்ஸில் நின்றுகொண்டே, இனி எதுவும் பேசக்கூடாது என்று உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

ஹோட்டலில் எல்லாம் பீங்கான் கோப்பைகள். பதினொரு மணிக்குச் சில்வஸ்டர் ரிசப்ஷன் பக்கம் வந்து நின்றார். "யாரும்மா இங்க எவர்சில்வர் டம்ளர வச்சது? கெஸ்ட் பாத்தா என்ன நெனப்பாங்க? பாலும் இல்லாம, சக்கரையத் தனியா வச்சு. டயட்டா?"

கம்ப்யூட்டருக்குப் பின்னால், அவள் முழங்கைக்குப் பக்கத்தில். சூடாக இருந்தது.

அதே நேரத்தில் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. பாலக்காட்டுத் தம்பதி. புது வருட நெரிசலில் வந்து, அறையில்லாமல் போனவர்கள். அந்த அம்மாள் நேராக ரேணுகாவிடம் வந்து, வாய் நிறையச் சிரித்து, மலையாளம் கலந்த தமிழில் சொன்னாள். "மோளே, அடுத்த தடவை மலை பக்கத்து ரூம் உறுதின்னு நீ சொன்னாயில்லே? நாங்கள் வந்தல்லோ!"

ரேணுகா அந்த அம்மாளைப் பார்த்தாள். எத்தனையோ பேரிடம் அடுத்த தடவை என்று சொல்லியிருக்கிறாள். அதை நம்பி நாளைக் குறித்துவைத்துக்கொண்டு, பெட்டி கட்டிக்கொண்டு வந்து நின்றவர்கள் இவர்கள்தான். மரியாதைக்குச் சொன்னது என்று இவர்களுக்குத் தெரியவில்லை. அல்லது தெரிந்துகொள்ள விருப்பமில்லை. ரேணுகாவின் கண் தானாக டம்ளர் பக்கம் போயிற்று.

அக்காவும் அப்படித்தான். சாக்குச் சொல்லத் தெரியாதவள், பிறத்தியார் சொல்லும் சாக்கையும் அப்படியே நம்புகிறவள். ‘அப்புறம் விளையாடறேன்’ என்று ரேணுகா சொன்னால், அந்த அப்புறம் வரும்வரை பல்லாங்குழியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

பாலக்காட்டுத் தம்பதிக்கு எப்படியோ ஒரு அறையைக் கொடுத்தாள். தேநீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு டம்ளரைக் கழுவி, பையில் போட்டுக்கொண்டாள். அன்று அதைப் பார்த்து ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதும் பதில் இல்லை போலிருக்கிறது. மறுநாள் வரவில்லை, அதற்கு மறுநாள் வந்தது. பிறகு வீட்டில் ஒரு நாள், ஹோட்டலில் ஒரு நாள். யாரோ அவள் வாயைப் பார்த்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

கோகிலா போட்டுப் பழசான பாவாடைகளைத்தான் ரேணுகா போட்டு வளர்ந்தாள். கோகிலாவின் புத்தகம், கோகிலாவின் ஸ்வெட்டர், கோகிலாவின் வளையல். ஒவ்வொன்றையும் அக்கா துவைத்து, தைத்து, மடித்து, இரண்டு கையாலும் நீட்டுவாள். ‘உனக்குத்தான் இது அழகா இருக்கும்’ என்பாள். அது பொய்யில்லை, உண்மையாகவே அப்படி நினைத்தாள். அவளிடம் ரேணுகா ஒரு தடவைகூட வேண்டாம் என்று சொன்னதில்லை. நீட்டிய கைகளைப் பார்த்தால் சொல்ல முடியாது.

இப்போது வீட்டையும் புருஷனையும் பிள்ளையையும் துவைத்து மடித்து நீட்டுகிறாள்.

பயம் செத்தவளைப் பற்றி இல்லை. ஒரு நாள் கை தானாக நீண்டு வாங்கிக்கொள்ளும் என்பதுதான் பயம். அளவும் சரியாக இருக்கும். அதற்குப் பிறகு ரேணுகா என்று ஒருத்தி இருந்த இடம் எங்கும் தெரியாது. ஐயாம் அஃப்ரெய்ட் என்பதில் ஏதோ நியாயம் இருக்கிறது என்று ரிசப்ஷனில் உட்கார்ந்தபடி முதல் தடவையாக நினைத்தாள்.

*

ஏப்ரலில் ராசு சித்தப்பா முடிவு கேட்டு வரச் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓவேலி வீட்டில் எல்லோரும் கூடினார்கள். வீரம்மா நல்ல சேலை கட்டி வந்திருந்தாள். தினகரன் சுவரோரம் நின்றான். அன்னக்கிளி வாசல்படியில் குந்தியிருந்தாள். நடுவில் வீரம்மா கொண்டுவந்த ஒரு தட்டு முறுக்கு, ஒருவரும் தொடாமல்.

"ரேணு, சட்டுனு சொல்லிடு தாயி" என்றார் ராசு. "நீ ஒரு வாய் குடிச்சீன்னா நானும் இந்த முறுக்கக் கடிப்பேன். காலையிலேருந்து தட்டோட மூஞ்சியவே பாத்துட்டு உக்காந்திருக்கேன்."

"உங்களுக்குப் பல்லு எங்க இருக்குது ராசண்ணே, முறுக்கக் கடிக்கறதுக்கு?" என்றாள் அன்னக்கிளி.

"ஊற வச்சுத் தின்னுக்குவேன், உனக்கென்ன?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு ஓய்வதற்குள் சமையலறையிலிருந்து அலீனா வந்தாள். இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்து, மூடியை விரலிடுக்கில் செருகி, சிந்தாமல், மெதுவாக. சமையலறையில் வேறு யாரும் இல்லை.

"சித்தி, அம்மா குடுக்கச் சொன்னாங்க."

வீரம்மா கும்பிடுவது போலக் கையை நெஞ்சில் வைத்தாள். அன்னக்கிளி எழுந்து நின்றுவிட்டாள். ராசு மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார், "பாத்தியா, அவளே குடுத்து அனுப்பிட்டா. வாங்கிக்க தாயி."

ரேணுகா வாங்கினாள். எல்லோர் கண்ணும் டம்ளர் மேல் இருந்தது. வாயில் எல்லா வார்த்தைகளும் வரிசையாக வந்து நின்றன. இப்பதான் குடிச்சேன். அப்புறம் குடிக்கிறேன். ஆறட்டும். நோக்கட்டே. நோடோணா. ஒவ்வொன்றும் ஒரு நாளைக் குறிப்பது, ஒரு கதவைத் திறந்து வைப்பது.

டம்ளரோடு எழுந்து சமையலறைக்குப் போனாள்.

பின்பக்க ஜன்னலில் பகல் வெள்ளையாக அடைத்து நின்றது. சீனி டப்பா திறந்திருந்தது. அடுப்பு பற்றவைக்கப்படவில்லை. தொட்டுப் பார்த்தாள், ஜில்லென்றிருந்தது. ஆனால் அடுப்புக்கு முன்னால், ஒருவர் நிற்கும் இடத்தில், காற்று கதகதப்பாக இருந்தது. இடம் விட்டு யாரோ கொஞ்சம் நகர்ந்து நின்றது போல.

"அக்கா" என்றாள். "இப்ப..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். இப்ப என்று ஆரம்பித்தால் அப்புறம் என்று ஒன்று வந்துவிடும்.

"எனக்கு வேண்டாம். எப்பவும் வேண்டாம். காரணம்னு ஒண்ணும் இல்லக்கா. நீ குடுத்தது எதுலயும் குறை இல்ல. வேண்டாம், அவ்வளவுதான்."

தேநீரைத் தொட்டியில் ஊற்றினாள். சீனியை டப்பாவில் கொட்டி மூடினாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். நெடுநேரமாக எதையோ நீட்டிக்கொண்டிருந்த ஒரு கை கீழே இறங்கியது போல அந்த அறையில் ஏதோ தளர்ந்தது. காற்று எல்லா இடத்திலும் ஒரே குளிராயிற்று. அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை.

கூடத்துக்கு வந்து சொன்னாள். "நான் மாட்டேன் சித்தப்பா."

"பிள்ளை" என்று வீரம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "பாப்பம்னு சொல்லிட்டு வா. மிச்சத்த வழியில பேசிக்குவம்."

"பாக்கறதுக்கு ஒண்ணும் இல்லம்மா."

ராசுவுக்கு முகம் சிவந்தது. "இத டிசம்பர்லயே சொல்லியிருந்தா நாங்க ஏன் இத்தன நாளா வாயக் கட்டிக் காத்திருக்கப்போறோம்?" என்றார். தினகரன் சுவரை விட்டு நகர்ந்து வந்தான். "விடுங்க சித்தப்பா. நானும் முடியாதுன்னு சொல்லத்தான் இருந்தேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றான். பிறகு ரேணுகாவைப் பார்த்து, முதல் தடவையாகச் சிரிப்பு மாதிரி ஏதோ செய்தான். "எனக்கு உங்கக்காவே போதும் ரேணு."

*

ஜீப் வரை அலீனா கூட வந்தாள். வீரம்மா முன்னாலேயே போய் ஏறி, யாரோடும் பேசாமல் உட்கார்ந்துவிட்டாள். கடைசிப் படியில் ஒன்றும் இல்லை. ரேணுகா இரண்டு முறை பார்த்துக்கொண்டாள்.

"இனிமே வருவியா சித்தி?"

"வருவேன். அடுத்த மாசம் வருவேன்."

"நெஜமாவா? இல்ல, சும்மா சொல்றியா?"

ரேணுகா சிரித்துவிட்டாள். "நெஜமா. இனிமே சித்தி சும்மா எதுவும் சொல்ல மாட்டேன்."

குழந்தை அவள் விரலைப் பிடித்து ஆட்டிக்கொண்டே நடந்தாள். "நீ அம்மாகிட்ட வேண்டாம்னு சொல்லிட்ட. பாவம் அம்மா. நான் அப்படிச் சொல்லல."

"நீ என்ன சொன்னே?"

"என்னையும் கூப்பிட்டாங்க. எங்கூட வந்து இருக்கியா, அங்க குளிரே இல்லைன்னு. எனக்கும் தேத்தண்ணி ஊத்தி வச்சாங்க. நான் வேண்டாம்னு சொல்லல. நீ சொல்லுவியே, அது மாதிரி நல்லபடியாச் சொன்னேன்." அலீனா நிமிர்ந்து, பாராட்டை எதிர்பார்த்துப் பார்த்தாள். "இப்ப ஸ்கூல் இருக்கும்மா, பெரிய லீவு விட்டதும் வாறேன்னு சொன்னேன். அம்மா சரின்னுட்டாங்க."

ரேணுகா நின்றாள். பாதையின் இரண்டு பக்கமும் செடிகள் ஒவ்வொன்றாக வெள்ளைக்குள் போய்க்கொண்டிருந்தன.

"லீவு எப்ப விடறாங்க?"

"வெள்ளிக்கிழமை."

குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறி ஓடினாள். பின்னால் வீரம்மா கூப்பிடுவது கேட்டது. கூடத்தில் ராசு முறுக்கை வெந்நீரில் நனைத்துக்கொண்டிருந்தார். "என்ன தாயி, மனசு மாறிடுச்சா?" என்றார். ரேணுகா நிற்கவில்லை.

அவள் கழுவிக் கவிழ்த்த டம்ளர் கவிழ்த்த இடத்திலேயே இருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, சின்னது. காது குத்துக்கு வாங்கியது. ‘அலீனா’ என்று புள்ளி வைத்து வெட்டியிருந்தது. ஆவி பறந்தது. மூடியில் சீனி, ஒரு குழந்தையின் உள்ளங்கை கொள்ளும் அளவு.

ரேணுகா அவளைக் கீழே இறக்கி, அடுப்பைப் பார்த்து நிற்க வைத்து, தோள் இரண்டையும் பிடித்துக்கொண்டாள்.

"அம்மாகிட்டச் சொல்லு. நான் வர மாட்டேன்னு சொல்லு."

"அம்மாவுக்குக் கோவம் வராதா?"

"வரட்டும்."

"அழுவாங்க சித்தி."

ரேணுகா ஒரு கணம் கண்ணை மூடினாள். இரண்டு கையாலும் நீட்டுகிறவள். உனக்குத்தான் அழகா இருக்கும் என்கிறவள்.

"அழட்டும் கண்ணு. சொல்லு."

அலீனா உதட்டைப் பிதுக்கினாள். மூக்கை உறிஞ்சினாள். பிறகு, யாரோ நிற்கிற உயரத்துக்குத் தலையை அண்ணாந்து, மெல்லச் சொன்னாள்.

"நான் வர மாட்டேம்மா."

டம்ளரிலிருந்து ஆவி போய்க்கொண்டுதான் இருந்தது. கீழே ஜீப் ஹாரன் அடித்தது. ரேணுகா குழந்தையின் தோளை விடவில்லை.

"லீவு விட்டாலும் வர மாட்டேன்னு சொல்லு. எப்பவும்னு சொல்லு. இன்னொரு தடவை. சத்தமா."